பழைய ரஷ்யத் திகில் படங்களை எந்த வரிசையில், எப்படிப் பார்ப்பது: முழுமையான வழிகாட்டி

சில ஆண்டுகளாக நண்பர்கள் கூடும் ஓர் அறையில் இந்தப் படங்களைப் போட்டுக் காட்டி வருகிறேன். புதிதாக வருபவர்கள் பாதியிலேயே எழுந்து போவதையும், "பயமே வரலையே" என்று சொல்வதையும் நிறையப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் எங்கே தவறியது என்று யோசித்தால், பெரும்பாலும் பார்த்த முறையில்தான் கோளாறு இருந்தது. படம் தவறான வேகத்தில் ஓடியிருக்கும், அல்லது வெட்டிச் சிதைத்த பிரதியாக இருக்கும், அல்லது கடைசியில் பார்க்க வேண்டியதை முதலில் பார்த்திருப்பார்கள். இந்த மூன்றையும் சரிசெய்துகொண்டு வாரத்துக்கு ஒரு படம் என்று உட்கார்ந்தால், ஆறு வாரத்தில் முடிக்கலாம்.

1. உட்காரும் முன் என்னென்ன வேண்டும்

முழுப் படங்கள் நான்கு: 'வீய்' (1967), 'இஸ்பேட் ராணி' (1916), 'மரணத்துக்குப் பின்' (1915), 'கரடியின் கல்யாணம்' (1925). இவற்றோடு துண்டுகளாகக் கிடைக்கும் இரண்டு: 'உருவப்படம்' (1915), 'வெற்றிச் சாத்தான்' (1917). இடையில் பார்க்க, சோவியத் இயக்குநர் அலெக்சாந்தர் ப்துஷ்கோவின் 'சாத்கோ' (1952). தமிழில் நான் வழங்கும் பெயர்கள் இவை. தேடும்போது ஆண்டையும் இயக்குநர் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள்.

படிக்க இரண்டு கதைகள் வேண்டும். ஒன்று, 1835இல் 'மீர்கரத்' தொகுப்பில் வந்த கோகலின் 'வீய்'. மற்றொன்று, 1834இல் வந்த புஷ்கினின் 'இஸ்பேட் ராணி'. இரண்டுமே ஒரே அமர்வில் படித்துவிடக்கூடிய அளவுதான். 'மரணத்துக்குப் பின்' துர்கேனிவின் 1883ஆம் ஆண்டுக் கதையிலிருந்து வந்தது. அதை மட்டும் முன்கூட்டிப் படிக்க வேண்டாம். காரணத்தை அந்தப் படத்துக்கு வரும்போது சொல்கிறேன்.

வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியுள்ள பிளேயர் கட்டாயம் தேவை. டிவியில் பார்ப்பவர்கள் படத்தை இழுத்துத் திரை முழுவதும் நிரப்பும் அமைப்பை அணைத்துவிடுங்கள். இந்தப் படங்கள் எல்லாம் ஏறக்குறைய நான்குக்கு மூன்று என்ற பழைய சட்டத்தில் எடுத்தவை. அகலத் திரைக்கு இழுத்தால் முகங்கள் சப்பையாகிவிடும். பெரிதாக்கி நிரப்பினால் மேலும் கீழும் வெட்டுப்படும். 'வீய்' படத்தில் தேவாலயத்தின் இருண்ட மேற்பகுதி வெட்டுப்பட்டால் பாதிப் பயம் அங்கேயே போய்விடும்.

அறை இருட்டாக இருக்கட்டும். இதைச் சொல்லவே வேண்டாம் என்று நினைத்தேன். ஆனால் ட்யூப்லைட் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, நிழலில் நின்ற உருவத்தையே கவனிக்காதவர்கள் இருக்கிறார்கள்.

2. பிரதி சரியானதுதானா என்று பாருங்கள்

'வீய்' என்று தேடினால் 2014இல் வந்த இன்னொரு ரஷ்யப் படமும் வரும். கணினி வரைகலை நிறைந்த சாகசப் படம் அது. அதைப் பார்த்துவிட்டு "நீங்க சொன்ன படம் பார்த்தேன், சுமாராத்தான் இருந்தது" என்று சொன்னவர்கள் பலர். நமக்கு வேண்டியது 1967இல் மாஸ்ஃபிலிம் என்ற சோவியத் படநிறுவனம் எடுத்தது. கான்ஸ்தந்தீன் யெர்ஷோவ், கியோர்கி க்ரொபச்சோவ் என்ற இரண்டு பெயர்களும் இயக்குநர் இடத்தில் இருக்க வேண்டும். ரஷ்ய எழுத்தில் தலைப்பு மூன்றே எழுத்து. அதை எங்கிருந்தாவது நகலெடுத்துத் தேடினால் நல்ல பிரதிகள் மேலே வரும். மாஸ்ஃபிலிம் நிறுவனமே தன் பழைய படங்கள் பலவற்றை யூடியூப் சேனலில் ஏற்றியிருப்பதால் முதலில் அங்கே தேடுங்கள்.

'சாத்கோ'வில் வேறு மாதிரிச் சிக்கல். 1960களில் அமெரிக்காவில் இதை வெட்டி, ஆங்கிலக் குரல் ஏற்றி, நாயகனுக்குச் சிந்துபாத் என்று பெயரும் சூட்டி வெளியிட்டார்கள். ரஷ்ய நாட்டார் பாடல் நாயகன் அதில் அரபுக் கதை மாலுமியாகிவிட்டான். ஆங்கிலம் பேசும் பிரதி கையில் கிடைத்தால் மூடிவைத்துவிட்டு ரஷ்யம் பேசும் பிரதியைத் தேடுங்கள்.

ஊமைப்படங்களுக்கு வரும்போது ஆண்டுக் குழப்பம் வரும். ரஷ்யாவில் 1918 பிப்ரவரி வரை பழைய ஜூலியன் நாட்காட்டிதான் வழக்கில் இருந்தது. 20ஆம் நூற்றாண்டில் அதற்கும் நம் நாட்காட்டிக்கும் 13 நாள் வித்தியாசம். அதனால் டிசம்பர் கடைசியில் வெளியான படம் ஒரு பட்டியலில் ஓர் ஆண்டாகவும் இன்னொன்றில் அடுத்த ஆண்டாகவும் இருக்கலாம். ஓராண்டு முன்பின் இருந்தால் வேறு படம் என்று ஒதுக்கிவிடாமல் இயக்குநர் பெயரை வைத்து முடிவுசெய்யுங்கள்.

3. காலவரிசையில் போகாதீர்கள்

ஒழுங்காகச் செய்ய நினைப்பவர்கள்தான் இந்தத் தவறைச் செய்கிறார்கள். "முதல் படத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன்" என்று கிளம்புவார்கள். 1909இல் வசீலி கன்சரோவ் எடுத்த 'வீய்' தொலைந்துபோய்விட்டது. அப்படி முதல் படியிலேயே படம் இருக்காது. அடுத்துக் கிடைப்பது சில நிமிடத் துண்டுகள், அதற்கடுத்து மெதுவாக நகரும் ஊமைப்படங்கள். இரண்டாவது வாரத்தில் ஆள் காணாமல் போய்விடுவார்.

அதனால் நான் பின்னிருந்து தொடங்கச் சொல்கிறேன். முதலில் 1967இன் 'வீய்'. வண்ணம், ஒலி, தெரிந்த மாதிரியான கதை எல்லாம் அதில் இருக்கின்றன. ஒன்றேகால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் ஓடும். அப்புறம் 'இஸ்பேட் ராணி', பிறகு 'மரணத்துக்குப் பின்', பிறகு 'கரடியின் கல்யாணம்'. துண்டுகள் கடைசியில். ஊமைப்படம் பார்க்கக் கண் பழகிய பிறகுதான் ஒரு துண்டிலிருந்து முழுப் படத்தை மனத்தில் கட்டிக்கொள்ள முடியும்.

4. கோகலின் கதையை முதலில் படியுங்கள்

கதை தெரிந்தால் பயம் போய்விடுமே என்று கேட்பார்கள். இந்தப் படத்தில் அப்படி ஆகாது. மூன்று இரவுகள் வரப்போகின்றன, மூன்றாவது இரவில் ஏதோ வரப்போகிறது என்று தெரிந்தே உட்காரும்போது முதல் இரவின் அமைதியே கனக்கிறது. தெரியாமல் பார்ப்பவர்கள் அந்த அமைதியை 'ஒண்ணும் நடக்கலை' என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

கீவ் நகரத்து மதப் பள்ளி மாணவன் ஹோமா புரூத். விடுமுறைக்குப் போகும் வழியில் ஒரு கிழவி அவன் முதுகில் ஏறிக்கொண்டு இரவில் பறக்கிறாள். அவன் மந்திரம் சொல்லித் தப்பி, அவள்மேல் ஏறிக்கொண்டு கட்டையால் அடிக்கிறான். கீழே விழுந்தவள் அழகான இளம்பெண்ணாகக் கிடக்கிறாள். பிறகு ஒரு பண்ணையாரின் மகள் இறக்கும்போது, தனக்கு மூன்று இரவு ஜெபம் படிக்க ஹோமாதான் வரவேண்டும் என்று கேட்டுவிட்டுச் சாகிறாள். பூட்டிய தேவாலயத்துக்குள் அவனும் பிணமும் மட்டும். படமும் இதே பாதையில்தான் போகிறது.

சப்டைட்டிலில் தடுக்கும் சொற்கள் சிலவற்றை முன்பே தெரிந்துகொள்ளுங்கள். ஹோமாவைத் 'தத்துவவாதி' என்று எல்லோரும் கூப்பிடுவார்கள். குடியும் தூக்கமுமாக இருப்பவனை ஏன் இப்படிக் கேலி செய்கிறார்கள் என்று ஒருவர் படம் முழுக்கக் குழம்பினார். அது வகுப்பின் பெயர். அந்தப் பள்ளியில் இலக்கணம், அணியியல், தத்துவம், இறையியல் என்று படிப்படியாக ஏறுவார்கள். தத்துவ வகுப்பில் இருப்பவன் 'தத்துவவாதி', அவ்வளவுதான். அவனோடு வரும் ஹலியாவா இறையியல் வகுப்பு, சின்னவன் கரபேத்ஸ் அணியியல் வகுப்பு. 'சோத்னிக்' என்றால் கோசாக் படையில் நூறு பேருக்குத் தலைவன், இங்கே ஊரின் பெரிய கை. 'பன்னோச்கா' என்பது சின்ன எசமானியம்மாவைக் குறிக்கும். பேயாக வருபவளைப் படத்தில் அப்படித்தான் மரியாதையாகச் சொல்கிறார்கள்.

வீய் என்பது நாட்டார் நம்பிக்கையில் வரும் பூதங்களின் தலைவன் பெயர் என்று கோகல் அடிக்குறிப்பு எழுதியிருக்கிறார். அதை நம்பி உக்ரைன் நாட்டுப்புறக் கதைகளில் வீயைத் தேடிப் போக வேண்டாம். அந்தப் பெயரில் அப்படி ஒரு பாத்திரம் ஆய்வாளர்களுக்குக் கிடைக்கவில்லை. கோகலே உருவாக்கியது என்பதுதான் பொதுவான முடிவு.

5. 'வீய்': மூன்று இரவுகளையும் தனித்தனியாகக் கவனியுங்கள்

முதல் அரைமணி நேரம் கிராமத்து நகைச்சுவைப் படம் போலவே போகும். மாணவர்கள் சந்தையில் திருடுவார்கள், குடிப்பார்கள், உளறுவார்கள். இங்கேதான் பலர் கைப்பேசியை எடுக்கிறார்கள். எடுக்காதீர்கள். ஹோமா எவ்வளவு சாதாரண ஆள், எவ்வளவு சோம்பேறி, எவ்வளவு எளிதாகப் பேரம் பேசுவான் என்பதெல்லாம் இங்கேதான் பதிகிறது. லியோனித் குராவ்லியோவ் அவனை நாம் தெருவில் பார்க்கும் ஆளாக நடித்திருக்கிறார். அந்த ஆள் உள்ளே பூட்டப்படும்போதுதான் நமக்கு வயிற்றைப் பிசையும்.

கிழவியின் காட்சியில் முகத்தை நன்றாகப் பாருங்கள். அந்த வேடத்தில் நடித்தவர் நிக்கலாய் குத்தூஸோவ் என்ற ஆண் நடிகர். தோளின் அகலமும், கைகளை விரித்து வரும் விதமும் ஏதோ சரியில்லை என்று நம் கண்ணுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். காரணம் தெரியாமலே உறுத்துவது நல்ல திகிலின் வேலை.

முதல் இரவில் ஹோமா உள்ளே நுழைந்ததும் இருட்டுக்குப் பயந்து மெழுகுவத்திகளை ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றிக்கொண்டே போவான். மூக்குப்பொடியை உறிஞ்சித் தும்முவான். தும்மல் அந்த வெற்றுக் கூடத்தில் எதிரொலிக்கும். இந்தச் சின்னச் சத்தங்கள்தான் அந்த இடத்தின் அளவை நமக்குக் காட்டுகின்றன. அதனால் ஒலியைக் கூட்டி வையுங்கள். மடிக்கணினியின் சிறிய ஸ்பீக்கரில் பார்த்தவர்களுக்கு இந்தப் பகுதி வெறும் காத்திருப்பாகப் போய்விடுகிறது.

அவள் எழுந்து வருவாள். ஹோமா சாக்கட்டியால் தன்னைச் சுற்றி வட்டம் போட்டுக்கொள்வான். அவளுக்கு அவன் தெரியமாட்டான். கண்ணாடிச் சுவரைத் தடவுவதுபோல் காற்றைத் தடவிக்கொண்டே வட்டத்தைச் சுற்றி வருவாள். நதாலியா வார்லேய் சர்க்கஸில் பயிற்சி பெற்றவர். அங்கே இல்லாத சுவர்மேல் அவர் உள்ளங்கைகள் அழுந்தி நிற்பதைக் கவனியுங்கள். சுவர் தெரியவில்லை, ஆனால் கையின் எடை தெரிகிறது. படத்தை நிறுத்தி இரண்டாவது தடவை பார்க்க வேண்டிய இடம் இது ஒன்றுதான்.

இரண்டாவது இரவில் சவப்பெட்டியே பறந்துவந்து வட்டத்தில் மோதும். இங்கே சிரிப்பு வந்தால் வரட்டும். ஆனால் அடுத்து ஹோமாவின் தலைமுடியைப் பாருங்கள். கோகலும் இதே இடத்தில்தான் நரைக்க வைக்கிறார். உடம்பில் ஒரு காயம்கூட இல்லாமல், ஓர் ஆள் உள்ளுக்குள் எவ்வளவு தேய்ந்துவிட்டான் என்று காட்ட அந்த நரை போதும்.

மூன்றாவது இரவுக்கு முன் ஓர் இடைவெளி இருக்கிறது. ஹோமா தப்பிக்கப் பார்ப்பான், குடிப்பான், ஆடுவான். பண்ணையார் ஒரு பக்கம் ஆயிரம் பொற்காசு, இன்னொரு பக்கம் சாட்டையடி என்று நிறுத்துவார். பொறுமையிழந்து இதை ஓட்டிவிடுபவர்கள் உண்டு. ஓட்டினால் மூன்றாவது இரவில் அவன் தானாகவே உள்ளே போனதுபோல் தோன்றும். அவனைப் பேய் மட்டும் பிடித்துவைக்கவில்லை, ஊர்ப் பெரியவரின் அதிகாரமும் சேர்ந்துதான் பிடித்துவைத்திருக்கிறது. அந்த நடனத்தை முழுக்கப் பாருங்கள்.

மூன்றாவது இரவைப் பற்றி விரிவாகச் சொல்லமாட்டேன். சுவர்களிலிருந்து கைகள் நீளும், சாம்பல் நிற உருவங்கள் ஊர்ந்து இறங்கும், கடைசியில் வீயை அழைத்து வருவார்கள். 'என் இமைகளைத் தூக்குங்கள், எனக்குத் தெரியவில்லை' என்று அது கேட்கும். ரஷ்யர்கள் அன்றாடப் பேச்சில்கூட எடுத்தாளும் வரி இது. இங்கே பார்வையாளர்கள் செய்யும் தவறு, வீயின் பொம்மை உடலையே பார்த்துக்கொண்டிருப்பது. கண்ணை ஹோமாவின் முகத்தில் வையுங்கள். 'பார்க்காதே' என்று உள்ளே ஒரு குரல் சொல்லியும் அவன் பார்த்தான் என்று கோகல் எழுதுகிறார். கதையின் முடிச்சே அந்தப் பார்வையில் இருக்கிறது. வட்டம் உடையவில்லை, அவன்தான் பார்த்துவிட்டான்.

சேவல் கூவியதும் பிளேயரை நிறுத்திவிடாதீர்கள். கடைசியில் அவனுடைய இரண்டு நண்பர்களும் பேசிக்கொள்ளும் பகுதி இருக்கிறது. பயந்ததால்தான் அவன் அழிந்தான் என்று கோகலின் கதையில் கரபேத்ஸ் சொல்வான். அந்தப் பேச்சைக் கேட்ட பிறகு மூன்று இரவுகளும் வேறு மாதிரி நினைவில் தங்கும்.

6. ப்துஷ்கோவின் கையை அடையாளம் காணுங்கள்

'வீய்' இயக்குநர்கள் இருவரும் இளைஞர்கள், உயர் இயக்குநர் பயிற்சியிலிருந்து வந்தவர்கள். கலைப் பொறுப்பிலும் தந்திரக் காட்சிகளிலும் திரைக்கதையிலும் அலெக்சாந்தர் ப்துஷ்கோவின் பெயர் இருக்கிறது. 1900இல் பிறந்தவர். 1935இல் 'புதிய கல்லிவர்' படத்தில் ஆயிரக்கணக்கான பொம்மை அசைவுகளுக்கு நடுவே ஒரு நிஜச் சிறுவனை நடக்கவிட்டவர்.

'வீய்' பார்த்த மறுவாரம் 'சாத்கோ'வைப் பாருங்கள். பெண் தலையுள்ள பறவையும் கடலடி அரசனும் வரும் காட்சிகள் போதும், முழுப் படமும் கட்டாயமில்லை. ப்துஷ்கோ தந்திரத்தை ஒளித்துவைக்க மாட்டார். உருவத்தை நிதானமாக முன்னால் கொண்டுவந்து நிறுத்துவார், நன்றாகப் பார்த்துக்கொள் என்பதுபோல. விசித்திரக் கதைப் படங்களில் அது மகிழ்ச்சி தரும். அதே கை 'வீய்' மூன்றாவது இரவில் வேலை செய்யும்போது, விழாக்கோலம்போல் ஒன்றன்பின் ஒன்றாக உருவங்கள் வந்துகொண்டே இருக்கும். முதல் இரண்டு இரவுகளின் அடக்கமும் மூன்றாவதின் ஆரவாரமும் ஏன் ஒட்டாமல் நிற்கின்றன என்று கேட்பவர்களுக்கு என்னால் முடிந்த பதில் இதுதான். எனக்கு முதல் இரவுதான் அதிகம் பிடிக்கும். ஆனால் குழந்தைகளாக இதைப் பார்த்தவர்கள் எல்லோரும் மூன்றாவதைத்தான் சொல்கிறார்கள்.

'சாத்கோ'வைப் பார்த்த கையோடு 'வீய்' மூன்றாவது இரவை மட்டும் மறுபடி போடுங்கள். பத்து நிமிடம்கூட ஆகாது.

7. ஊமைப்படத்துக்கு மாறும் முன்: வேகம், நிறம், இசை

வேகம்தான் முதல் வேலை. அந்தக் காலத்துப் படங்கள் பெரும்பாலும் நொடிக்கு 16 முதல் 18 பிரேம் வரை எடுக்கப்பட்டவை. பிற்காலத்தில் அவற்றை அப்படியே 24 பிரேமில் ஓட்டிப் பதிவுசெய்தார்கள். அப்படிப்பட்ட பிரதியில் எல்லோரும் துள்ளித் துள்ளி நடப்பார்கள், ஆவிகூடக் கோமாளியாகிவிடும்.

யாராவது அறையைக் கடந்து நடக்கும் காட்சியை எடுத்து ஒரு நிமிடம் பாருங்கள். நடை இயல்பாக இருந்தால் ஏற்கெனவே சரிசெய்த பிரதி, கை வைக்காதீர்கள். துள்ளினால் வேகத்தை 0.75க்குக் குறையுங்கள். 24இல் முக்கால் 18, கணக்கு அப்படியே பொருந்தும்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. மெதுவாக இருக்கிறதென்று ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டுகிறார்கள். புரட்சிக்கு முந்தைய ரஷ்யப் படங்களில் நடிகர்கள் வேண்டுமென்றே மெதுவாக நடித்தார்கள். ஓர் எண்ணம் முகத்தில் வந்து, தங்கி, மாறும்வரை கேமரா காத்திருக்கும். அந்தக் காத்திருப்பை வெட்டினால் படத்தில் மிச்சம் எதுவுமில்லை.

அடுத்தது நிறம். இரவுக் காட்சிகளைப் பகலில் எடுத்துப் பிலிமை நீலச் சாயத்தில் தோய்ப்பது வழக்கம். சாயம் போன கறுப்புவெள்ளைப் பிரதியில் அந்த இரவுகள் பட்டப்பகல்போல் தெரியும். 'ஏன் இந்த ஆள் மத்தியானத்தில் விளக்கோடு போகிறான்' என்று தோன்றினால் அது இரவு. முடிந்தவரை சாயமுள்ள பிரதியைத் தேடுங்கள்.

டைட்டில் கார்டுகள் பல படங்களில் தொலைந்துபோய்ப் பிற்காலத்தில் மறுபடி எழுதிச் சேர்க்கப்பட்டவை. சில பிரதிகளில் அதுவும் இருக்காது. கதையை முன்பே படித்துவிடச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இசையை யார் சேர்த்தார்கள் என்றே தெரியாத பிரதிகள் நிறைய. குதூகலமான பியானோ ஓடிக்கொண்டிருந்தால் தயங்காமல் ஒலியை மூடிவிடுங்கள். முழு அமைதியில் பார்ப்பது பொருந்தாத இசையைவிட எவ்வளவோ மேல்.

8. 'இஸ்பேட் ராணி': சீட்டாட்டத்தை முதலில் புரிந்துகொள்ளுங்கள்

யாகோவ் புரொத்தசானோவ் 1916இல் எடுத்தது, ஏறக்குறைய ஒரு மணி நேரம். புரட்சிக்குப் பிறகு வெளிநாடு போய் 1923இல் திரும்பிவந்து, 1924இல் 'அயெலித்தா' என்ற படத்தை எடுத்தவர் இவர்தான். ஜாரின் காலம், சோவியத் காலம் இரண்டிலும் வேலைசெய்த கை என்பதால் ஊமைப்படத்துக்குள் நுழைய இவர் வசதியான வாசல்.

கடைசிக் காட்சி புரிய வேண்டுமானால் ஆட்டம் தெரிய வேண்டும். ஆடுபவன் தன் கட்டிலிருந்து ஒரு சீட்டை எடுத்துப் பணம் கட்டுவான். எதிராளி வேறு கட்டிலிருந்து வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று என்று போட்டுக்கொண்டே வருவான். தன் சீட்டு இடப்பக்கம் விழுந்தால் ஆடுபவனுக்கு வெற்றி, வலப்பக்கம் விழுந்தால் தோல்வி. நம் ஊரில் 'உள்ளே வெளியே' ஆடியவர்களுக்கு உடனே பிடிபடும்.

இறந்துபோன கிழக் கோமாட்டி வந்து நாயகன் ஹெர்மனிடம் மூன்று, ஏழு, ஆஸ் என்று மூன்று சீட்டைச் சொல்கிறாள். புஷ்கினின் கதையில் அவன் 47,000 ரூபிள் கட்டி மூன்றில் ஜெயிக்கிறான், இரட்டிப்பான பணத்தை ஏழில் வைத்து மறுபடி ஜெயிக்கிறான். மூன்றாம் நாள் இடப்பக்கம் ஆஸ் விழுகிறது. ஆனால் அவன் கையில் இருப்பது இஸ்பேட் ராணி. தானே தவறான சீட்டை உருவியிருக்கிறான். அந்த ராணி கண்ணைச் சுருக்கிச் சிரிக்கிறாள். ஆட்டம் தெரியாமல் பார்த்தவர்கள் 'ஆஸ் வந்துவிட்டதே, ஏன் அலறுகிறான்' என்று கேட்டிருக்கிறார்கள்.

ஹெர்மனாக நடித்த இவான் மோஷுகினின் கண்களுக்காகவே இந்தப் படத்தைச் சொல்வேன். பிற்காலத்தில் சோவியத் இயக்குநர் லெவ் கூலஷோவ் தன் படத்தொகுப்புச் சோதனைக்கு எடுத்துக்கொண்ட முகம் இவருடையதுதான். கோமாட்டியின் அறையில் அவன் ஒளிந்து நிற்கும் நேரத்தில் வேறெதையும் பார்க்க வேண்டாம். பணத்தாசை எந்த நொடியில் பைத்தியமாகிறது என்று அந்த முகத்திலேயே தெரியும்.

9. 'மரணத்துக்குப் பின்': அறையைப் பாருங்கள்

யெவ்கேனி பாவர் இயக்கியது, முக்கால் மணி நேரம். செட் அமைப்பிலிருந்து இயக்கத்துக்கு வந்தவர். அதனால் இவர் படத்தில் முகத்துக்கு முன் அறையைப் பார்க்கப் பழகுங்கள். தூண்கள், திரைகள், பின்னால் இன்னொரு கதவு, அதற்கும் பின்னால் இன்னொரு விளக்கு. தொடக்கத்தில் வரும் விருந்துக் காட்சியில் கேமரா நீண்ட நேரம் நகர்ந்துகொண்டே நாயகனைப் பின்தொடரும். 1915இல் இவ்வளவு தொடர்ச்சியாகக் கேமராவை நகர்த்தியது எவ்வளவு துணிச்சலான காரியம்! கூட்டத்துக்கு நடுவிலும் அவன் தனியாகத்தான் இருக்கிறான் என்பதை அந்த ஒரே அசைவு சொல்லிவிடுகிறது.

கதையைப் படிக்க வேண்டாம் என்று சொன்னேன் அல்லவா? துர்கேனிவின் கதையில் நாயகனின் உள்ளம் முழுவதும் வார்த்தைகளாக விளக்கப்பட்டிருக்கும். படித்துவிட்டுப் பார்த்தால் விளக்கத்தைத் தேடிக்கொண்டிருப்போம். படிக்காமல் பார்த்தால் அவனைப்போலவே நமக்கும் எது கனவு, எது இறந்தவளின் வருகை என்று தெரியாது. நிறமும் வெளிச்சமும் மாறும் இடங்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

மேடையிலேயே விஷம் குடித்த நடிகை என்ற கரு துர்கேனிவின் கற்பனை மட்டுமல்ல. எவ்லாலியா கத்மினா என்ற பாடகி 1881இல் ஹார்கிவ் நகரத்து மேடையில் அப்படித்தான் விஷம் குடித்தார். படத்தில் நாயகிக்குச் சோயா கத்மினா என்றே பெயர். நடித்தவர் பல்ஷோய் நடனக் கலைஞர் வேரா கரல்லி.

முடிவு சோகமாக இருக்கும் என்று முன்பே சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்து ரஷ்யப் பார்வையாளர்கள் அதைத்தான் விரும்பினார்கள். வெளிநாட்டுக்கு அனுப்பும் பிரதிக்கு மகிழ்ச்சியான முடிவைத் தனியாக எடுத்த படங்களும் உண்டு.

10. 'கரடியின் கல்யாணம்': 'முதல்' என்ற பேச்சை விட்டுவிடுங்கள்

'வீய்'தான் முதல் சோவியத் திகில் படம் என்று எங்கும் எழுதுகிறார்கள். அதைச் சொல்லும் முன் இதைப் பாருங்கள். கான்ஸ்தந்தீன் எக்கெர்த்தும் விளாதிமீர் கார்தினும் 1925இல் எடுத்து, 1926 ஜனவரியில், ஐசன்ஸ்டைனின் 'பொட்டெம்கின்' படம் வந்த அதே மாதத்தில் திரையரங்குக்கு வந்த படம். லிதுவேனியக் கோமான் ஒருவன், கரடியின் ரத்தம் தனக்குள் ஓடுகிறதோ என்ற அச்சம், கல்யாண இரவு. பிரெஞ்சு எழுத்தாளர் மெரிமேயின் கதையை நாடகமாக்கியவர் அன்றைய கல்வித் துறை மக்கள் ஆணையர் லுனச்சார்ஸ்கி. அரசின் மேல்மட்டத்தில் இருந்தவரின் பேனாவிலிருந்தே இப்படி ஒரு கதை வந்திருக்கிறது.

எக்கெர்த்தே கோமானாக நடித்திருக்கிறார். நடிப்பு தூக்கலாக இருக்கும், பாவருக்குப் பிறகு உடனே பார்த்தால் முரடாகத் தோன்றும். ஒருநாள் விட்டுப் பாருங்கள்.

11. துண்டுகளைத் துண்டுகளாகவே பாருங்கள்

'வீய்' ப்ளூரே வட்டுகளில் கூடுதல் பொருளாகச் சில ஊமைப்படத் துண்டுகளையும் சேர்த்திருக்கிறார்கள். அவற்றை முழுப் படம் என்று நினைத்து 'கதையே இல்லை' என்பவர்கள் உண்டு. 'இஸ்பேட் ராணி'யையும் அப்படித் துண்டாக மட்டும் பார்த்துவிட்டுக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள், அது முழுதாகக் கிடைக்கிறது.

'உருவப்படம்' விளாதிஸ்லாவ் ஸ்தாரெவிச் 1915இல் கோகலின் இன்னொரு கதையிலிருந்து எடுத்தது. எஞ்சியிருப்பது எட்டு நிமிடம் அளவுதான். ஓவியன் ஒரு பழைய படத்தை வாங்கி வீட்டில் மாட்டுகிறான். படத்திலுள்ள கிழவன் சட்டத்திலிருந்து வெளியே வருகிறான். பூச்சிகளைப் பொம்மையாக்கி அசைத்தே பெயர்பெற்றவர் ஸ்தாரெவிச். உயிரற்ற ஒன்றை எப்போது அசைக்க வேண்டும், எவ்வளவு நேரம் அசையாமல் வைத்திருக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். கிழவன் வெளியே வரும் முன் படம் சும்மா இருக்கும் நேரத்தை மனத்துக்குள் எண்ணிப் பாருங்கள். முதல் தடவை ஒலியே இல்லாமல் பாருங்கள்.

'வெற்றிச் சாத்தான்' புரொத்தசானோவ் 1917இல் எடுத்தது. மோஷுகின் முதல் பாகத்தில் பாதிரியாராகவும் இரண்டாவதில் அவர் மகனாகவும் வருகிறார். நடுவில் விடுபட்ட பகுதிகள் இருப்பதால் கதையைக் கோக்க முயல வேண்டாம். ஒரே நடிகர் இரண்டு தலைமுறையாக மாறும்போது நடையும் தோளும் எப்படி மாறுகின்றன என்று மட்டும் பார்த்தால் போதும்.

இவ்வளவும் ஆனபின், ஆறாவது வாரக் கடைசியில், 'வீய்' முதல் இரவை மட்டும் இன்னொரு முறை போடுங்கள். இந்தத் தடவை ஒலியை முழுவதும் அணைத்துவிட்டு, ஹோமா மெழுகுவத்தி ஏற்றத் தொடங்கும் இடத்திலிருந்து.